தனியாகப் படிக்கப் போர்க்கால நாவல்கள்: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எதைக் கொடுக்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

பெங்களூருவில் ஆறாம் வகுப்பை எட்டிய பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் இந்தப் புத்தகங்கள் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். பள்ளிக்கூடம் கொடுத்த விடுமுறை வாசிப்புத் தாளில் இரண்டு, பக்கத்து ஃப்ளாட் பெண் படித்துவிட்டுக் கொடுத்தது ஒன்று, சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் அட்டை அழகாக இருக்கிறதே என்று எடுத்தது ஒன்று. எல்லாம் போர்க்கதை. அட்டையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளை, பின்னால் முள்வேலியோ ரயிலோ விமானமோ. எது பதினோரு வயதுக்கு, எது பதிமூன்றுக்கு என்று அந்த அட்டையை வைத்துச் சொல்லவே முடியாது.

இங்கே பார்க்கப்போவது பத்துப் பதினைந்து நாவல்கள். அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளை தனியாகப் படிக்கப்போகிறது. வகுப்பில் டீச்சர் நிறுத்தி நிறுத்தி விளக்கும் புத்தகம் வேறு, இரவு ஒன்பதரைக்குப் படுக்கையில் தானே புரட்டும் புத்தகம் வேறு. வகுப்பில் நன்றாக ஓடிய நாவல் வீட்டில் கவிழ்ந்தால், ரத்தமும் சாவும்தான் காரணம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பல நேரம் அது இல்லை. கதை பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டு, மீதி உனக்கே தெரியும் என்று நம்பிவிடுகிறது. தெரியாத பிள்ளை எதையோ நினைத்துக்கொண்டு படித்து முடித்து, அந்த எதையோவையே வரலாறு என்று வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் டீச்சர் இல்லாதபோது, டீச்சர் வேலையையும் புத்தகமே பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்காத புத்தகத்துக்கு உதாரணம், வாசிப்புத் தாள்களில் அடிக்கடி தென்படும் 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்'. ஜான் பாய்ன் எழுதி 2006இல் வந்தது. மொழி எளிது, பக்கம் குறைவு, நாயகன் புரூனோவுக்கு ஒன்பது வயது. ஐந்தாம் வகுப்புக்கே கொடுத்துவிடலாம் போலத் தோன்றும். புரூனோ தன் புது வீடு இருக்கும் இடத்தை 'அவுட்-வித்' என்கிறான். அது ஆஷ்விட்ஸ், நாஜிகள் யூதர்களை அடைத்துக் கொன்ற முகாம்; அதை நடத்துவது அவன் அப்பா. ஹிட்லரைக் குறிக்கும் 'ஃபியூரர்' அவன் வாயில் 'ஃப்யூரி' ஆகிறது. ஆங்கிலத்தில் மட்டுமே எடுபடும் சிலேடை, ஜெர்மன் பேசி வளர்ந்த பையன் வாயில் எப்படி வந்தது என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். ஆஷ்விட்ஸ் என்ற பெயரையே கேட்டிராத நம் பிள்ளைக்கு அந்தச் சொல்லில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. முகாம் என்றால் என்.சி.சி. முகாம் மாதிரி ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொண்டே கடைசி அத்தியாயம் வரை போய்விடலாம். அங்கே நச்சுவாயு அறையின் கதவு சாத்தப்படும்போது என்ன நடந்தது என்று விளங்காது. விளங்கினாலும் மனதில் நிற்பது, பாவம் அந்தப் பெரிய அதிகாரி வீட்டுப் பையன் தவறிப்போய் மாட்டிக்கொண்டான் என்பதுதான். லட்சக்கணக்கானவர்கள் செத்த இடத்தில், முகாமை நடத்தியவரின் குடும்பத்துக்காக அழுதுவிட்டுப் பிள்ளை தூங்கப் போகும்.

வேலிக்கு வெளியே புரூனோவும் உள்ளே ஒரு யூதப் பையனும் நாள் தவறாமல் உட்கார்ந்து பேசுவதும் நடக்கக்கூடியதல்ல. அங்கே கொண்டுவரப்பட்ட அந்த வயது யூதப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வந்து இறங்கியதுமே கொல்லப்பட்டார்கள். இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நூலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. இதைக் கற்பனை நீதிக்கதை என்றுதான் ஆசிரியர் சொல்லியிருக்கிறார் என்று வாதாடலாம். பெரியவர்களிடம் அந்த வாதம் செல்லும். தனியாகப் படிக்க, வேண்டாம். பள்ளி கொடுத்துவிட்டது, மாற்ற வழியில்லை என்றால் கடைசி இரண்டு அத்தியாயத்துக்காவது பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும்.

இதற்கு நேர் எதிரே வைக்க வேண்டியது லோயிஸ் லவ்ரியின் 'நம்பர் தி ஸ்டார்ஸ்'. 1989இல் வந்தது, மறு ஆண்டே அமெரிக்கச் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. 17 அத்தியாயம், ஏறக்குறைய 140 பக்கம், ஆக அத்தியாயத்துக்கு எட்டுப் பக்கம். டியூஷன் முடித்து வரும் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு அத்தியாயம் என்பது சரியான கணக்கு. இரண்டரை வாரத்தில் முடியும்.

களம் 1943ஆம் ஆண்டு கோபன்ஹேகன், ஜெர்மானியர் பிடியில் இருந்த டென்மார்க்கின் தலைநகர். ஆன்மரீக்குப் பத்து வயது. யூதத் தோழி எல்லனைத் தங்கள் மூத்த மகள் என்று சொல்லி ஆன்மரீயின் பெற்றோர் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். பின்னிரவில் ஜெர்மன் சிப்பாய்கள் கதவைத் தட்டுகிறார்கள். எல்லன் கழுத்தில் தாவீதின் நட்சத்திரம் கோத்த சங்கிலி. கழற்றியே பழக்கமில்லாததால் கொக்கி வர மறுக்கிறது. ஆன்மரீ வெடுக்கென்று இழுத்து அறுத்து உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறாள். அவர்கள் போன பிறகு கையை விரித்தால், நட்சத்திரத்தின் அச்சு தோலில் பதிந்திருக்கிறது. துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பயம் என்றால் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று பதினோரு வயதுக்கு அந்த உள்ளங்கை சொல்லிவிடுகிறது.

நாவல் வேலை செய்யும் விதமும் கவனிக்கத்தக்கது. 1943 ஆகஸ்ட் 29 அன்று டென்மார்க் கடற்படை, தன் கப்பல்கள் ஜெர்மானியர் கையில் சிக்கக்கூடாது என்று தானே அவற்றை மூழ்கடித்தது. கதையில் அந்த வெடிச்சத்தம் கடைக்குட்டி கிர்ஸ்டியின் பிறந்த நாளில் கேட்கிறது. அம்மா அவளிடம் அது உன் பிறந்தநாளுக்கு விட்ட வாணவேடிக்கை என்கிறாள். பெரியவர்கள் பிள்ளைகளிடம் பொய் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்பதைப் பிறகு ஹென்ரிக் மாமா ஆன்மரீக்கு எடுத்துச் சொல்கிறார்: முழுதும் தெரியாதவர்களுக்குத் தைரியமாக இருப்பது கொஞ்சம் சுலபம். ஆன்மரீக்குத் தெரியாதது வாசிக்கும் பிள்ளைக்கும் தெரியாது. அவள் தெரிந்துகொள்ளும்போது இதுவும் தெரிந்துகொள்கிறது. புரூனோ கதையில் இருந்த ஓட்டை இங்கே இல்லை.

கடைசியில் ஒரு பின்னுரை. எது நடந்தது, எது கற்பனை என்று ஆசிரியர் பிரித்துத் தருகிறார். யூதர்கள் ஒளிந்திருக்கும் படகைச் சோதிக்கும் நாய்களின் மோப்பத்தைக் கெடுக்க ஒரு கைக்குட்டை வரும், அது நிஜம். உலர்ந்த முயல் ரத்தமும் கொக்கெய்னும் கலந்த பொடி. கொக்கெய்ன் என்றால் என்ன என்று கட்டாயம் ஒரு கேள்வி வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இரண்டு உண்டு. முதல் மூன்று அத்தியாயத்துக்குள் டேனிஷ் பெயர்கள் மொய்க்கின்றன. பல பிள்ளைகள் முப்பதாவது பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பது இதனால்தான், ஆங்கிலம் கடினம் என்பதால் அல்ல. பழைய நோட்டு அட்டையைப் புத்தக அடையாளம் அளவுக்கு வெட்டி, யார் யாருக்கு என்ன உறவு என்று ஏழெட்டுப் பெயரை எழுதி உள்ளே வைத்தால் தாண்டிவிடும். இன்னொரு குறை கொஞ்சம் பெரியது. டென்மார்க்கின் யூதர்களில் ஏழாயிரம் பேருக்கு மேல் படகில் சுவீடன் போய்த் தப்பியது உண்மை. குறுக்கே இருந்த கடல் குறுகலானது, மிக ஒடுங்கிய இடத்தில் நான்கு கிலோமீட்டர்தான். அக்கரை நாடு போரில் சேரவில்லை, கதவும் திறந்திருந்தது. போலந்திலோ ஹங்கேரியிலோ இப்படி நடக்கவில்லை. இந்த ஒரு நாவலை மட்டும் படித்த பிள்ளை, எல்லா ஊரிலும் அண்டை வீட்டார் காப்பாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். வரைபடத்தைத் திறந்து அந்த நான்கு கிலோமீட்டரைக் காட்டினால் போதும்.

எண்ணை நம்பாதீர்கள்

இணையத்தில் வாங்கும்போது லெக்ஸைல் எண் என்று ஒன்று போட்டிருக்கும். அது வாக்கியத்தின் நீளத்தையும் சொற்கள் எவ்வளவு பழக்கமானவை என்பதையும்தான் அளக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 'நம்பர் தி ஸ்டார்ஸ்' 670. மார்கஸ் ஸூசாக்கின் 'தி புக் தீஃப்' 730. கிட்டத்தட்ட ஒரே படி. பின்னது ஐந்நூறு பக்கத்துக்கு மேல், கதை சொல்வது மரணமே, யார் சாகப்போகிறார்கள் என்று பாதியிலேயே சொல்லிவிட்டு முன்னும் பின்னும் போய்வரும் கதை, ஊடே ஜெர்மன் வசவுகள். எட்டாம் வகுப்பு முடித்த, ஏற்கெனவே தடித்த புத்தகம் படித்துப் பழகிய பிள்ளைக்கு அது பெரிய விருந்து. ஆறாம் வகுப்புக்கு அலமாரியில் இடத்தை அடைக்கும்.

அந்த எண்ணைவிட வீட்டிலேயே செய்யும் சோதனை மேல். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். முதல் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது. எழுத்தாளர்கள் முதல் பக்கத்தை எப்போதும் எளிமையாகத்தான் எழுதுகிறார்கள். பிறகு இரண்டு பக்கம் சத்தமில்லாமல் படித்துவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னால் புத்தகத்தின் வாக்கியத்தையே ஒப்பித்துவிடும். தமிழில் சொல்ல வேண்டுமானால் புரிந்திருக்க வேண்டும்.

முழுப் புத்தகத்தையும் முன்கூட்டிப் படிக்க நேரம் இல்லாத பெற்றோர் நான்கு இடத்தைப் பார்த்தால் போதும்: முதல் பத்துப் பக்கம், சரியாக நடுவில் ஒரு அத்தியாயம், கடைசி இருபது பக்கம், பின்னுரை. முக்கால் மணி நேரம் பிடிக்கும். நடு அத்தியாயத்தை விட்டுவிட்டால் அடுத்து வரும் புத்தகம் மாதிரி ஒன்று ஏமாற்றிவிடும்.

மிஷெல் மகோரியனின் 'குட்நைட் மிஸ்டர் டாம்', 1981. லண்டனில் குண்டு விழும் என்று 1939 செப்டம்பரில் பிள்ளைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினார்கள். வில்லி என்ற நோஞ்சான் பையன் டாம் தாத்தா வீட்டுக்கு வருகிறான். முதல் பாதி அவ்வளவு இதம்: நாய், சுடச்சுடச் சாப்பாடு, ஓவியம், புதுச் சட்டை. இந்த அளவில் பார்த்துவிட்டு ஆறாம் வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு பையன் லண்டனுக்குத் திரும்புகிறான். மனநலம் குலைந்த தாய் அவனைக் கட்டிப்போட்டு அடைத்து வைத்திருக்க, இறந்துபோன கைக்குழந்தையோடு அவனைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்கு மேலும் ஒரு பெரிய சாவு உண்டு. நல்ல நாவல், சந்தேகமே இல்லை. எட்டாம் வகுப்பு, அதுவும் வீட்டில் யாராவது ஒருவர் படித்திருந்தால். அதே வெளியேற்றத்தைப் பேசும், இதைவிடப் பிடிமானம் தரும் புத்தகம் கிம்பர்லி புரூபேக்கர் பிராட்லியின் 'தி வார் தட் சேவ்டு மை லைஃப்', 2015. ஏடாவுக்குப் பிறவியிலேயே ஒரு பாதம் திரும்பியிருக்கிறது. அம்மா அவளை வெளியே விடுவதே இல்லை. இங்கேயும் கொடுமை உண்டு, ஆனால் அது முதல் பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பின்னால் பதுங்கியிருந்து பாய்வதில்லை. ஏழாம் வகுப்புக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

ரத்தமே கூடாது என்னும் வீடுகளுக்கு ஜூடித் கெர் 1971இல் எழுதிய 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்'. கண்டிப்பாகச் சொன்னால் இது போருக்கு முந்தைய கதை. 1933இல் ஒன்பது வயது அன்னாவின் குடும்பம் பெர்லினை விட்டு சுவிட்சர்லாந்து, பாரிஸ், லண்டன் என்று போகிறது. இதை இங்கே சேர்ப்பதற்குக் காரணம், பாரிஸ் பகுதி. அன்னா பள்ளியில் பிரெஞ்சு புரியாமல் மாதக்கணக்கில் தத்தளிக்கிறாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஜெர்மனிலிருந்து மாற்றி மாற்றி அலுத்துப்போகிறாள். திடீரென்று ஒரு நாள் மொழி தானாக வாயில் வருகிறது. கோவையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ நாலாம் வகுப்பில் இங்கே வந்து கன்னடப் பாடத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு அகதி என்ற சொல்லின் கனம் அந்த இடத்தில்தான் புரியும். ஒரு எச்சரிக்கை: ஜூலியஸ் மாமாவின் சாவு மென்மையாகச் சொல்லப்பட்டாலும் அது தற்கொலை. சூட்டிகையான பிள்ளை பிடித்துவிடும்.

மைக்கேல் மோர்பர்கோவில் இரண்டு. 'வார் ஹார்ஸ்' முதல் உலகப்போர், 1982இல் எழுதியது, கதை சொல்வது ஜோயி என்ற குதிரை. குதிரைக்குக் கட்சி கிடையாது. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் அதை ஒரே மாதிரி தடவிக் கொடுக்கிறார்கள், ஒரே மாதிரி இழுக்கவும் வைக்கிறார்கள். இரு படைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஜோயியை யார் கொண்டுபோவது என்று ஒரு வேல்ஸ் சிப்பாயும் ஒரு ஜெர்மன் சிப்பாயும் நாணயம் சுண்டிப் பார்க்கும் காட்சிக்காகவே ஆறாம் வகுப்புக்கு வாங்கலாம். படித்து முடித்த பிள்ளையை ஜே.சி. நகரில் இருக்கும் மைசூர் லான்சர்ஸ் நினைவிடத்துக்கு அழைத்துப் போங்கள். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைப் பிடித்த குதிரைப்படைகளில் ஒன்று மைசூருடையது, இன்னொன்று ஜோத்பூருடையது. எதிரே இருந்தது இயந்திரத் துப்பாக்கி. புத்தகத்தில் ஜோயி ஓடிய ஓட்டம் அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது வேறு மாதிரி ஞாபகம் வரும். இன்னொன்றான 'பிரைவேட் பீஸ்ஃபுல்' 2003இல் வந்தது, எட்டாம் வகுப்புக்கு. கோழைத்தனம், படையை விட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காகத் தன் சொந்த ராணுவத்தாலேயே சுடப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பற்றியது. பிரிட்டிஷ் அரசு 2006இல்தான் அவர்களுக்கு மன்னிப்பு அறிவித்தது. அத்தியாயங்களின் தலைப்பே கடிகார நேரம். விடியும்வரை எண்ணிக்கொண்டே படிக்க வைக்கும். இரவில் தொடங்கினால் தூக்கம் போய்விடும், சனிக்கிழமை காலையில் கொடுப்பது உத்தமம்.

ஆலன் கிராட்ஸின் 'ரெஃப்யூஜி', 2017. பெரிய புத்தகம் என்று மிரள வேண்டாம், அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றும் கொக்கி போட்டு முடியும். புத்தகம் என்றாலே ஓடும் பையன்களை இழுத்துப் பிடிக்க இதுதான் கைகண்ட மருந்து. 1930களின் ஜெர்மனியில் யோசெஃப், 1994இல் கியூபாவின் இசபெல், 2015இல் அலெப்போவின் மஹ்மூத் என்று மூன்று கதை மாறி மாறி வரும். தொலைந்துபோவது இந்த மாற்றத்தில்தான். முதல் ஐம்பது பக்கத்துக்கு மூன்று நிற ஒட்டுத்தாள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு தேவைப்படாது. யோசெஃப் ஏறும் செயின்ட் லூயிஸ் கப்பல் நிஜம். 1939 மே மாதம் 937 பயணிகளோடு கிளம்பி, கியூபாவும் அமெரிக்காவும் ஏற்க மறுத்து, ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பிறகு நாஜிகள் கையில் மாண்டார்கள். கடலில் ஒரு கைக்குழந்தையை அடுத்த படகுக்காரர்களிடம் கொடுக்கும் இடமும், கடைசியில் ஒரு தாய் எடுக்க வேண்டிய முடிவும் கனமானவை. ஏழாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம்.

சடாக்கோவின் ஆயிரம் காகிதக் கொக்குகள் கதையை எலினார் கோயர் 1977இல் எழுதினார். மெல்லிய புத்தகம், ஒரே மாலையில் முடியும், அதனாலேயே ஆறாம் வகுப்பில் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாக்கோ சசாகிக்கு இரண்டு வயது. 1955இல் பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். புத்தகத்தில் அவள் 644 கொக்கோடு நின்றுவிட, மீதியை வகுப்புத் தோழர்கள் மடித்து முடிக்கிறார்கள். ஹிரோஷிமா அமைதி அருங்காட்சியகம் சொல்வது வேறு: அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள், தாண்டியும் மடித்துக்கொண்டே இருந்தாள். எது சோகம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். நம் கட்சி, இரண்டாவதுதான். ஆசை நிறைவேறும் என்ற எண்ணிக்கையை எட்டிய பிறகும் அவள் இறந்தாள்.

நம் பக்கத்துப் போர்

ஏழாம் வகுப்புக்கு ஒரே ஒரு புத்தகம் வாங்க முடியும் என்றால் வீரா ஹிரானந்தானியின் 'தி நைட் டைரி', 2018. பிரிவினையை முறையான போர் என்று சொல்ல முடியாது, ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 1947 ஜூலை 14, நிஷாவுக்குப் பன்னிரண்டு வயது நிறையும் நாளில் தொடங்குகிறது. இறந்துபோன அம்மாவுக்கு எழுதும் கடிதங்களாக நாட்குறிப்பு. அப்பா இந்து, அம்மா முஸ்லிம். சிந்து மாகாணத்து மீர்பூர் காஸிலிருந்து ஜோத்பூர் வரைக்கும் போக வேண்டும். சமையல்காரர் காஸி முஸ்லிம் என்பதால் கூட வர முடியாது. அவர் கொடுத்தனுப்பும் மசாலா இடிகல்லை நிஷா தூக்கிக்கொண்டு நடக்கிறாள். தண்ணீருக்கே வழியில்லாத பாலையில் அந்தக் கல்லின் எடை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நிஷா கூச்சத்தால் அதிகம் பேசாதவள், வழியில் பார்த்ததற்குப் பிறகு சுத்தமாகப் பேச்சு நின்றுவிடுகிறது. பேச்சே வராத பெண் எழுதிக்கொண்டே இருக்கிறாள் என்பதுதான் நாவலின் கட்டுமானம், அது எந்த இடத்திலும் தளரவில்லை.

வன்முறை உண்டு, அளவோடு. நாட்குறிப்பு என்பதால் ஒவ்வொரு கொடுமையும் நடந்து முடிந்த பிறகு எழுதியதாக வருகிறது. எழுத உட்கார்ந்திருக்கிறாள் என்றால் உயிரோடு இருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரியும். தனியாகப் படிப்பவருக்கு இது பெரிய ஆறுதல். ஆசிரியரின் தந்தை குடும்பம் இதே வழியாக வந்தது என்று பின்னுரை சொல்கிறது. குறை என்றால், பருப்பையும் ரொட்டியையும் அமெரிக்க வாசகருக்காக விளக்கும் இடங்கள். நம் பிள்ளைகள் சிரித்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள்.

பத்மா வெங்கட்ராமனின் 'க்ளைம்பிங் தி ஸ்டேர்ஸ்', 2008, தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் கிட்டத்தில் வரும். 1941. பம்பாயில் வளர்ந்த பதினைந்து வயது வித்யாவின் அப்பா மருத்துவர். ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மூளை பாதிக்கப்படுகிறார். குடும்பம் மதராஸில் தாத்தாவின் கூட்டுக்குடும்பத்துக்கு வந்து சேர்கிறது. ஆண்கள் இருக்கும் மாடியில் ஒரு நூலகம், அதற்குப் போகும் படிதான் தலைப்பு. அண்ணன் கிட்டா, அப்பாவை அடித்த அதே வெள்ளைக்காரன் படையில் ஹிட்லரை எதிர்த்துச் சண்டையிடச் சேர்கிறான். அஹிம்சை பேசும் வீட்டில் அது சரியா தப்பா என்ற கேள்விக்கு நாவல் சுலபமான பதில் தரவில்லை. எட்டாம் வகுப்பில் இதைவிட நல்ல சாப்பாட்டு மேசைச் சண்டை கிடைக்காது. திருமணப் பேச்சும் இளவயதுக் காதலும் வருவதால் ஆறாம் வகுப்புக்குச் சலிக்கும்.

இரண்டாம் உலகப்போர் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று நினைக்கும் பெங்களூருப் பிள்ளைக்கு ஒரு தகவல் கைவசம் இருக்கட்டும்: எச்.ஏ.எல். தொடங்கியது 1940 டிசம்பரில், போருக்கு விமானம் வேண்டும் என்றுதான். ஜாலஹள்ளியில் இத்தாலியப் போர்க்கைதிகள் இருந்தார்கள்.

தமிழில் என்ன கொடுப்பது? இரண்டாம் உலகப்போரில் தமிழர் பட்டது கொஞ்சமில்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதையில் செத்த மலேயாத் தோட்டத் தொழிலாளர்கள், ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்கள். பெரியவர்களுக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது. அதை இந்த வயதில் கொடுக்கக்கூடாது, பத்து வருடம் காத்திருக்கும் தகுதி அதற்கு உண்டு. எனவே பழைய காலத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது, அதாவது கல்கிக்கு. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தைத் தூக்கி வைத்துப் பயமுறுத்த வேண்டாம். 'பார்த்திபன் கனவு' போதும். பெரிய போர் ஒன்று நடக்கிறது, ஆனால் நாம் பார்ப்பது அது முடிந்த களத்தில், நிலவொளியில், பிணங்களுக்கு நடுவே ஒரு சிவனடியார் யாரையோ தேடிக்கொண்டு போவதை. வெட்டும் குத்தும் காட்டாமலே போரின் விலையைச் சொல்லிவிடுகிறார். கபாலிகர்களின் நரபலிப் பகுதி பயமுறுத்தும், ஆனால் பன்னிரண்டு வயது விரும்பிப் பயப்படும் வகைப் பயம் அது.

இங்கே நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான். முதல் பத்து அத்தியாயத்தைப் பெரியவர் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். தொடராக வந்த கதை, ஒவ்வொரு அத்தியாயமும் அந்தரத்தில் நிற்கும். பதினோராவது நாள் தெரியாத்தனமாக மறந்துவிடுங்கள், தானே எடுத்துப் படிக்கும். கல்கி நாட்டுடைமை என்பதால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுத்தால், மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்தைவிட இரண்டு மடங்கு வேகம் வரும்.

அடுத்து 'சிவகாமியின் சபதம்' கேட்டால் ஒரு சிக்கல் உண்டு, நல்ல சிக்கல். அதில் சாளுக்கிய மன்னன் புலிகேசி பல்லவ நாட்டின் மேல் படையெடுத்து வந்து ஊரைக் கொளுத்தும் எதிரி. இந்த ஊரில் ஃபிரேசர் டவுனுக்கே புலிகேசிநகர் என்று பெயர். ஹர்ஷரைத் தடுத்து நிறுத்திய மாவீரன் என்று பள்ளிப் பாடம் சொல்லும். ஐஹொளெக் கல்வெட்டு அவனைப் புகழ்கிறது, 642இல் அவன் தலைநகர் வாதாபியைப் பிடித்த பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் கல்வெட்டு அதே ஊரில், இன்றைய பாதாமியிலேயே இருக்கிறது. இரண்டு கல்வெட்டும் ஒரே மாநிலத்தில். போர்க்கதையை யார் சொல்கிறார் என்று பார்க்கப் பழக்குவதற்கு இப்படி ஒரு வசதி சென்னைப் பிள்ளைக்குக் கிடையாது.

வாங்குவதற்கு முன்னால்

ஆங்கிலப் புத்தகங்களுக்கு சர்ச் ஸ்ட்ரீட்டின் பிளாசம், புக்வோர்ம் இரண்டிலும் பழைய பிரதிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். மோர்பர்கோவும் லவ்ரியும் தேடினால் அகப்படக்கூடியவர்கள். தமிழுக்கு அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தை முதலில் பாருங்கள்.

நடைபாதையில் வாங்கினால் இரண்டு விஷயம் கெட்டுப்போகும். ஒன்று, திருட்டுப் பதிப்பு: தாள் மெலிந்து பின்பக்க எழுத்து தெரியும், அட்டைப்படம் லேசாகக் கலங்கியிருக்கும், பக்க எண் நடுவில் தாவும். இன்னொன்று, சுருக்கப் பதிப்பு. ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பில் இது அதிகம். அது நாவலே இல்லை, உண்மையான டைரி என்பதையும் பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. உரிமைப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாத பிரதியை எடுக்காதீர்கள். நாவல்களில் வெட்டும்போது முதலில் போவது பின்னுரைதான். கதை முடிந்துவிட்டதே, இது எதற்கு என்று நினைத்து விடுகிறார்கள் போல. கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். 'நம்பர் தி ஸ்டார்ஸ்' பதினேழாம் அத்தியாயத்தோடு முடிந்து, அதற்குப் பின்னால் வெறும் அட்டைதான் இருக்கிறது என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.